பட்டுக்குள் ஊர்ந்த கம்பளி

ஒன்றரை மீட்டர் நீளம், ஓர் அடி அகலம், சுமார் 70 கிராம் எடை. ஒரு பக்கம் மெல்லிய கம்பளி. மறுபக்கம் பட்டு. ஆனால் ஜவுளிக் கடையில் நாம் தடவிப் பார்க்கும் வழவழப்பான பட்டு அல்ல. பொடிப்பொடி மடிப்புகளாகச் சுருங்கி, ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் வெளிச்சம் தங்கி நிற்கும் பட்டு. இரண்டையும் இணைக்கத் தையல் போடவில்லை, பசை தடவவில்லை. இந்த ஸ்கார்ஃபைச் செய்யும் முறைக்கு நூனோ ஃபெல்ட் என்று பெயர்.

தறியில் நெய்வதும் ஊசியில் பின்னுவதும் நமக்குத் தெரிந்த வழிகள். ஃபெல்ட் மூன்றாவது வழி. இதில் நூலே கிடையாது. ஆட்டின் மயிரை அப்படியே பரப்பி, நனைத்து, அழுத்தி உருட்டினால் மயிரோடு மயிர் சிக்கித் துணியாகிவிடும். நூனோவில் அந்த மயிர் ஒரு படி மேலே போகிறது. நெய்த பட்டின் கண்களுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் தலைநீட்டி, அங்கிருக்கும் மயிரோடு பிணைந்து, திரும்பி வர வழியில்லாமல் நின்றுவிடுகிறது. செய்வதற்கு வேண்டியவை தண்ணீர், சோப்பு, இரண்டு கைகள். அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த மயிர் எப்படிப்பட்டது, இந்தப் பட்டு எப்படிப்பட்டது, இரண்டும் எங்கிருந்து வந்து இந்த மேசையில் படுத்திருக்கின்றன என்பது தெரியாமல் கற்றுக்கொண்டால், கை எங்கே பொறுக்க வேண்டும், எங்கே ஓங்க வேண்டும் என்பது பிடிபடாது.

கம்பளியில் ஆரம்பிக்கலாம். எல்லா ஆட்டு மயிரும் இதற்குச் சரிப்படாது, மெரினோதான் வேண்டும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நூனோவுக்கு எடுக்கும் மெரினோ இழை 18 அல்லது 19 மைக்ரான். முடியில் நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் பட்டின் நெசவுக்குள் அதற்கு இடம் கிடைக்கிறது. கழுத்தில் பட்டால் குத்தாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

அந்த ஆடு நெடுங்காலம் ஸ்பெயினின் தனிச்சொத்து. காஸ்டீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ 1273-ல் மெஸ்தா என்ற மேய்ப்பர் சங்கத்துக்கு உரிமைகள் வழங்கினார். கோடையில் வடக்கு மலைகளுக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிகளுக்கும் மந்தைகள் நடந்துபோன பாதைகள் அந்தச் சங்கத்தின் ஆட்சியில் இருந்தன. மெல்லிய கம்பளி கொட்டிய வருமானம் அவ்வளவு பெரிது என்பதால், உயிருள்ள மெரினோவை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கடுமையான தடை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அரசர்கள் அரசர்களுக்கு ஆடு அனுப்பத் தொடங்கினார்கள். 1765-ல் ஒரு மந்தை சாக்சனிக்குப் போனது. 1786-ல் ஒன்று பிரான்சின் ராம்புயேவுக்கு.

நம் ஸ்கார்ஃபின் முன்னோர் போனது வேறு வழி. 1789-ல் இரண்டு கிடாயும் நான்கு பெட்டையும் ஹாலந்து வழியாக ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்த டச்சுப் படைத் தளபதி ராபர்ட் ஜேக்கப் கார்டன் அவற்றை வளர்த்துப் பெருக்கினார். ஆடுகளைத் திருப்பி அனுப்பும்படி ஹாலந்திலிருந்து உத்தரவு வந்தபோது, வந்த எண்ணிக்கையை அனுப்பிவிட்டுக் குட்டிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஒரு கண்டத்தின் பொருளாதாரம் அந்தக் குட்டிகளோடு தொடங்கியது என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. 1795-ல் ஆங்கிலேயர்கள் முனையைப் பிடித்தார்கள். கார்டன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1797-ல் அவருடைய மனைவி விற்ற ஆடுகளை ஹென்றி வாட்டர்ஹவுஸ், வில்லியம் கென்ட் என்ற இரண்டு கப்பல் தலைவர்கள் சிட்னிக்குக் கப்பலேற்றினார்கள். வழியிலேயே பல ஆடுகள் செத்துப்போயின. பிழைத்தவற்றில் சில ஜான் மக்கார்த்தரின் பண்ணைக்கு வந்தன.

ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று மக்கார்த்தரைச் சொல்வது வழக்கம். அவர் 1809 முதல் 1817 வரை அரசியல் சச்சரவில் மாட்டி, ஊர் திரும்ப முடியாமல் இங்கிலாந்தில் இருந்தார். அந்த ஆண்டுகளில் மந்தையைப் பார்த்துக்கொண்டு, பண்ணையை நடத்தி, கம்பளியைக் கப்பலேற்றியவர் அவர் மனைவி எலிசபெத். தந்தை என்று ஒருவரைச் சொல்வதானால் தாயையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது அவரைத்தான்.

மெரினோவின் ஒரு கிளை நம் மலைக்கும் வந்தது. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டாஸ்மானிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகளைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாட்டு ஆட்டோடு கலந்தார்கள். அதில் உருவானது நீலகிரிச் செம்மறி. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காப்பாற்றி வருகிறது. மற்றபடி நம் ஊர்ச் செம்மறிகள் பெரும்பாலும் கறிக்கானவை. அவற்றின் மயிர் முரட்டுக் கம்பளிக்கு ஆகுமே தவிர, கழுத்தில் சுற்றும் துணிக்கு ஆகாது.

மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கு. நியூ சவுத் வேல்ஸ் பண்ணையில் ஆண்டுக்கு ஒருமுறை மயிர் கத்தரிப்பார்கள். தேர்ந்த ஆள் ஓர் ஆட்டை மூன்று நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார். மயிர் உதிர்ந்து விழுவதில்லை, ஒரே போர்வையாகக் கழன்று வரும். நான்கைந்து கிலோ இருக்கும். அதைக் கம்பிச் சட்டமிட்ட மேசையில் வீசி விரித்து, ஓரத்து அழுக்கைப் பிய்த்தெறிந்து, தரம் பார்த்துப் பொதியாக்குவார்கள். மைக்ரான் அளந்து ஏலத்துக்குப் போகும். ஆஸ்திரேலியக் கம்பளியின் பெரும்பகுதியை இன்று வாங்குவது சீனா. ஆலையில் வெந்நீரில் அலசும்போது மயிரில் ஒட்டிய கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் நீங்கி, எடை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். அந்தக் கொழுப்புதான் லனோலின்; முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் போகிறது. அலசிய கம்பளியைச் சீப்புகளில் சீவி, குட்டை மயிரைக் கழித்து, நீண்ட இழைகளை ஒரே திசையில் படியவைத்துத் தடித்த கயிறாக இழுக்கிறார்கள். இதற்கு டாப்ஸ் என்று பெயர். ஃபெல்ட் செய்கிறவர்கள் வாங்குவது இதைத்தான்.

வாங்கும்போது இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது, சலவை இயந்திரத்தில் போடத் தகுந்ததாக மாற்றிய கம்பளியா என்பது. அப்படிப்பட்ட கம்பளியின் செதில்களைக் குளோரின் கொண்டு கரைத்து, மேலே ஒரு பூச்சும் கொடுத்திருப்பார்கள். நாள் முழுக்க உருட்டினாலும் அது ஃபெல்ட் ஆகாது. இரண்டாவது, மியூல்சிங் செய்யாத பண்ணையின் கம்பளியா என்பது. மெரினோவின் தோல் மடிப்புகளில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதைத் தடுக்க, குட்டியின் பின்புறத் தோலை வெட்டி எடுக்கும் முறை அது. நியூசிலாந்து 2018-ல் அதைத் தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் முழுத் தடை இன்னும் இல்லை. கழுத்தில் மென்மையாகக் கிடக்கும் ஒரு துணிக்காக ஒரு குட்டியின் தோலை அறுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் விலை கூடினாலும் கேட்டு வாங்கலாம்.

இனி பட்டு. ஷிஃபானிலும் செய்யலாம், ஜார்ஜெட்டிலும் செய்யலாம். ஆனால் உலகெங்கும் ஃபெல்ட் கலைஞர்கள் தேடி வாங்குவது மார்கிலான் பட்டு. மார்கிலான் உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில் பட்டுப் பாதையை ஒட்டிய பழைய நெசவு ஊர். இழைகளைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் அட்லஸ், அட்ராஸ் துணிகளுக்குப் பெயர்போனது. அந்தத் தொழில்முறையை மீட்டெடுத்து வளர்த்ததற்காக அங்குள்ள கைவினை வளர்ச்சி மையத்தின் பணியை யுனெஸ்கோ 2017-ல் நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டுக்கூடு உற்பத்தியில் சீனாவும் இந்தியாவும் முதல் இரண்டு இடங்களில் இருக்க, அடுத்து நிற்பது உஸ்பெகிஸ்தான். அங்கும் புழு நம் ஊரில் வளரும் அதே மல்பெரிப் புழுதான். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை; அதைச் சுற்றியிருக்கும் பசையைச் சோப்புநீரில் காய்ச்சி நீக்கினால் எடையில் கால்வாசி போய்விடும். மார்கிலானில் நூனோவுக்காக நெய்கிற துணி மிக இளக்கமானது. எடுத்துப் பிடித்தால் எதிரில் நிற்பவரின் முகம் தெரியும்.

அந்த இளக்கம் முக்கியம். காஞ்சிபுரம் பட்டில் இதைச் செய்யலாமா என்று பலர் ஆசையோடு கேட்கிறார்கள். முடியாது. ஊடும் பாவும் நெருங்கி அடித்த துணியில் மயிர் நுழைய இடமில்லை. மேலேயே படிந்து, தனியாக ஃபெல்ட் ஆகி, காய்ந்ததும் கழன்று வந்துவிடும். எந்தத் துணி ஆகும் என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. துணியை உதட்டருகே பிடித்து ஊத வேண்டும். அந்தப் பக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சுக்காற்று தெரிந்தால் மயிரும் போகும். மெல்லிய மல் துணியும் இந்தச் சோதனையில் தேறும். பழைய ஷிஃபான் புடவை அருமையாகத் தேறும்.

கம்பளியை ஃபெல்ட்டாக்குவது நெசவுக்கு இணையாகப் பழைய வித்தை. அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில், கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பு புதைத்த குதிரைவீரத் தலைவர்களின் கல்லறைகளில் தண்ணீர் இறங்கி உறைந்துபோனது. செர்கேய் ருடென்கோ 1940-களின் இறுதியில் அவற்றைத் தோண்டியபோது, வண்ண ஃபெல்ட் திரைகளும், உள்ளே அடைத்துத் தைத்த ஃபெல்ட் அன்னங்களும் அந்தப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தன. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மத்திய ஆசிய நாடோடிகள் வீட்டையே ஃபெல்ட்டில் போர்த்துகிறார்கள். நம் காஷ்மீரத்தில் அது நமதா விரிப்பு. இவை எல்லாமே கனமானவை. காரணம் எளிது: ஃபெல்ட் உறுதியாக வேண்டுமானால் தடிமன் வேண்டும். மெலிதாகச் செய்தால் பிய்ந்துவிடும். தொப்பியாகும், கோட்டாகும், காலணியாகும். காற்றில் அசையும் துணியாகாது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த அந்த எல்லையைத் தாண்டியவர் நியூ சவுத் வேல்ஸில் வாழ்ந்த பாலி ஸ்டெர்லிங் என்ற ஜவுளிக் கலைஞர். தன் ஊர் வெயிலுக்கும் உடுத்தக்கூடிய லேசான ஃபெல்ட் அவருக்கு வேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் தன் உதவியாளர் சச்சிக்கோ கொடாக்காவோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்த விடை: உறுதியைத் தடிமனிடம் கேட்காமல் பட்டு நெசவிடம் கேட்பது. கம்பளியைச் சிறிதளவு தூவினால் போதும், தாங்கிப் பிடிக்கத் துணி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் துணியைக் குறிக்கும் நூனோ அந்த முறைக்குப் பெயராகிவிட்டது. மெரினோ வந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில் அதற்கு இப்படி ஒரு புது வேலை கிடைத்தது.

மேசைக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் ஸ்கார்ஃப் வேண்டுமானால் 220 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் பட்டு எடுக்க வேண்டும். விற்பனையில் வரும் துணியின் கெட்டிக் கரையை நீக்கிவிடுவது நல்லது. அது மற்ற இடங்களோடு சேர்ந்து சுருங்காது. மேசையில் பபுள் ராப்பைக் குமிழ் மேலே தெரிய விரித்து, அதன் மேல் பட்டை நேராகப் படியவைக்க வேண்டும்.

கம்பளி வைப்பதுதான் கற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்கும். டாப்ஸ் கயிற்றை இடது கையில் தளரப் பிடித்து, அதன் நுனியை மட்டும் வலது விரல்களுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையில் கவ்வி இழுக்க வேண்டும். ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய இறகு வரும். கயிற்றைப் பிடித்த கை நுனிக்கு மிக அருகில் இருந்தால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் ஒன்றும் வராது, இழையின் இரண்டு முனைகளும் கைகளுக்குள் சிக்கியிருக்கும். கைகளைத் தள்ளி வைத்தால் பலமே வேண்டாம். இப்படி இழுத்த ஒவ்வொன்றையும் பட்டின் மேல், முன்னதன் நுனியில் அடுத்தது சற்றே ஏறி இருக்கும்படி வைத்துக்கொண்டே போக வேண்டும். முழு ஸ்கார்ஃபுக்கும் ஐம்பது கிராமே அதிகம். கம்பளிக்குக் கீழே பட்டின் நிறம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோருக்கும் இது போதாது என்றுதான் தோன்றும். இன்னொரு அடுக்கு வைக்கத் துடிப்பார்கள். வைத்தால் கிடைப்பது விரிப்புதான். பட்டு முழுவதையும் மூட வேண்டும் என்பதும் இல்லை. கட்டங்களாகவோ கொடிகளாகவோ வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டால் அந்த இடங்களில்தான் பட்டு பிறகு அழகாக எழும்பி நிற்கும்.

அடுத்து தண்ணீர். சாதாரண ஃபெல்ட்டுக்கு வெந்நீர். நூனோவின் தொடக்கத்தில் வெந்நீர் கூடாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை கைவந்துவிட்டது என்பேன்.

கம்பளி இழையின் மேற்பரப்பு முழுக்கச் செதில்கள். எல்லாச் செதில்களும் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் இழைக்கு ஒரு திசையில் நகர்வது எளிது, எதிர்த் திசையில் கடினம். வயலோரப் புல்லின் கதிரைத் தலைகீழாகச் சட்டைக் கைக்குள் செருகிவிட்டு நடந்தால், அது தானே ஏறி அக்குள்வரை போய்விடும். சிறுவயதில் இந்த விளையாட்டை ஆடாதவர்கள் குறைவு. கம்பளி இழை ஒவ்வொன்றும் அப்படித்தான் நகர்கிறது. அழுத்திவிடும் ஒவ்வொரு முறையும் தன் வேர் முனை இருக்கும் பக்கமாக ஓர் அணு முன்னேறும்; பின்வாங்காது. சோப்பின் காரம் இழையை ஊதவைத்து அதன் செதில்களை விரிக்கிறது, வெப்பம் இழையை இளக்கி நகர்வை விரைவாக்குகிறது. தொடக்கத்திலேயே வெந்நீர் ஊற்றினால் இழைகள் பக்கத்து இழைகளோடு உடனே சிக்கிக்கொள்ளும், கீழே இருக்கும் பட்டுக்குள் இறங்க அவகாசம் கிடைக்காது. எனவே முதலில் அறை வெப்பத் தண்ணீர், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு, மெதுவான அழுத்தம். ஊடுருவிய பிறகுதான் சூடு.

கம்பளி மேல் கொசுவலைத் துணியை விரித்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. எல்லா இடமும் நனைந்து தட்டையாகப் படிந்ததும், ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் பபுள் ராப்போடு சேர்த்துச் சுருட்டி, இரண்டு மூன்று இடத்தில் கட்டி, முன்கைகளால் உருட்ட வேண்டும். சப்பாத்திக்குத் தேய்க்கும் வேகம் வேண்டாம், எடையும் வேண்டாம். நூறு முறை, இருநூறு முறை. பிறகு பிரித்து, மடிப்பு விழுந்த இடங்களை நீவி, மறுமுனையிலிருந்து சுருட்டி மீண்டும் உருட்ட வேண்டும். உருட்டும் திசையில்தான் துணி சுருங்கும் என்பதால், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மாற்றி மாற்றிச் செய்வது அவசியம்.

இந்தக் கட்டத்தில் எதுவும் நடக்காத மாதிரியே இருக்கும். நடப்பது தெரிய வேண்டுமானால் துணியைத் திருப்பிப் போட்டு, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, எதிரில் விளக்கு இருக்கும்படி பட்டுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வெறும் பட்டின் பளபளப்பு. இன்னும் இரண்டு சுற்று உருட்டிய பிறகு அதே இடத்தில் மெல்லிய பூனைமுடி எழும்பி நிற்கும். கம்பளியின் நிறத்தில், பட்டின் கண்களிலிருந்து வெளியே வந்து. பட்டை மட்டும் இரு விரலால் கிள்ளித் தூக்கினால் கம்பளியும் கூடவே எழ வேண்டும். தனியாக எழுந்தால் இன்னும் உருட்ட வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த நிமிடம் இதுதான். ஓர் ஆட்டின் மயிர் ஒரு புழுவின் இழைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து மறுபுறம் வந்து நிற்பதை நேருக்கு நேர் பார்க்கிறோம்.

அது வந்துவிட்டால் பொறுமைக்கு வேலை இல்லை. கை தாங்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, ஸ்கார்ஃபைப் பந்தாக அள்ளி, ஓர் அடி உயரத்திலிருந்து மேசையில் அறைய வேண்டும். எடுத்து, பிரித்து, மீண்டும் அள்ளி அறைய வேண்டும். கண்ணெதிரே சுருங்கும். துணி துவைக்கும் மரப் பலகையின் வரிகளில் தேய்த்தால் இன்னும் வேகமாகச் சுருங்கும். 220 செ.மீ. 150 ஆகும், 45 செ.மீ. 30 ஆகும். பரப்பில் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது.

சுருங்கியது கம்பளி மட்டும்தான். பட்டு இழையில் செதில் கிடையாது; அது நகரவும் நகராது, ஃபெல்ட்டும் ஆகாது. ஒவ்வொரு கண்ணிலும் நுழைந்து பிடித்திருக்கும் கம்பளி தன் வலையை இறுக்க இறுக்க, 220 செ.மீ. பட்டுக்கு ஒன்றரை மீட்டர் இடம்தான் மிஞ்சுகிறது. மிச்சம் போக இடமில்லாமல் மேலே எழும்பி மடிகிறது. நூனோவின் அழகு என்று எல்லோரும் விரலால் தடவும் அந்த அலை, இரண்டு இழைகளும் ஒத்துப்போனதால் வந்ததல்ல. ஒன்று சுருங்கி மற்றது சுருங்க மறுத்ததால் வந்தது. பட்டுக்குப் பதில் கம்பளித் துணியையே அடியில் வைத்தால் இரண்டும் சேர்ந்து சுருங்கி, தட்டையான கனத்த துணிதான் கிடைக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதை அளவுகோல் பாதிதான் சொல்லும். மீதியைக் கை சொல்ல வேண்டும். நனைந்த துணியை விரலில் தொங்கவிட்டால் மடங்கி வழிய வேண்டும். விறைத்து நின்றால் எல்லை தாண்டிவிட்டது, இனி இளக்க முடியாது. சரியான பதத்தில் குளிர்ந்த நீரில் சோப்பு போகும்வரை அலசி, வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டுச் சிறிது நேரம் ஊறவைக்க வேண்டும். சோப்பின் காரத்தை அது முறிக்கும். விரிந்த செதில்கள் படிந்து கம்பளிக்குப் பளபளப்பு திரும்பும். துண்டில் சுற்றிப் பிழிந்து, ஈரம் இருக்கும்போதே இழுத்து வடிவம் சரிசெய்து, கம்பளிப் பக்கம் மட்டும் மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். பட்டுப் பக்கம் இஸ்திரியை அழுத்தினால் இவ்வளவு பாடுபட்டு வந்த அலை படிந்துவிடும்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. கம்பளியும் பட்டும் இரண்டுமே புரதம். அமிலச் சாயத்தில், வினிகர் சேர்த்த ஒரே பாத்திரத்தில், இரண்டையும் தோய்க்கலாம். பட்டு குறைந்த சூட்டிலேயே சாயத்தைப் பிடிக்கத் தொடங்கும். கம்பளிக்குக் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வரை போக வேண்டும். கொதிக்கவிட்டால் பட்டின் மினுமினுப்பு மங்கும். ஒரே நீலத்தில் தோய்த்தாலும் இரண்டும் இரண்டு நீலமாக வரும். தனித்தனியாகச் சாயமிட்டுப் பொருத்தம் தேடுவதைவிட எனக்கு இது பிடிக்கிறது.

நூனோ இன்று போய்ச் சேர்ந்திருக்கும் இடங்களில் என்னை அதிகம் கவர்வது கிர்கிஸ்தான். கனத்த ஃபெல்ட் விரிப்புகளான ஷிர்டாக், அலா கியிஸ் இரண்டும் அங்குதான் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அழிவிலிருந்து அவசரமாகக் காக்க வேண்டிய மரபு என்று யுனெஸ்கோ 2012-ல் அவற்றைப் பட்டியலிட்டது. பாட்டிகளிடமிருந்து பேத்திகளுக்கு வந்த அந்தக் கைகள், ஆஸ்திரேலியாவில் பிறந்த நூனோவை எடுத்துக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. பிஷ்கெக் பட்டறைகளில் பெண்கள் பட்டும் கம்பளியும் சேர்த்து ஸ்கார்ஃப் செய்கிறார்கள். ஷிர்டாக் செய்யும் உள்ளூர் ஆட்டின் கம்பளி இதற்கு முரடு. மெல்லிய மெரினோவை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. பட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் மார்கிலானில் கிடைக்கிறது. சோவியத் காலத்தில் அந்த நாட்டிலேயே மெல்லிய கம்பளி தரும் இனத்தைப் பெருமளவில் வளர்த்தார்கள். 1991-க்குப் பிறகு கூட்டுப் பண்ணைகள் கலைந்தபோது மந்தைகளைக் கறிக்கு விற்றுவிட்டார்கள். அந்த மந்தைகளில் கொஞ்சமாவது மீண்டால், நாட்டுக்குள்ளேயே கம்பளி வாங்கி, பக்கத்து ஊரிலிருந்து பட்டு வாங்கி, அந்தப் பெண்கள் ஒரு ஸ்கார்ஃபின் விலையில் இன்னும் கூடுதல் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.